புதிய உடம்பு, பழைய உடுப்பு: 1900-களின் ஆங்கில கன்ட்ரி ஹவுஸைப் படிப்பது எப்படி?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நுவரெலியாவிலோ பஸ் திரும்பும்போது அப்படி ஒரு வீடு கண்ணில் படும். சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, முக்கோண முகப்பு, வானத்தைத் தொடப் பார்க்கும் புகைபோக்கி, வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச் சட்டங்கள். "வெள்ளைக்காரன் கட்டின பழைய பங்களா" என்பார் ஒருவர். "டியூடர் ஸ்டைல்" என்பார் இன்னொருவர். "விக்டோரியா ராணி காலத்து அரண்மனை மாதிரி" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். இணையத்தில் அந்தப் படத்தைப் போட்டால் இந்த மூன்று சொற்களும் ஒன்றோடொன்று கலந்துதான் வரும்.

இந்த வீடுகளின் மூலத்தைத் தேடிப் போனால் இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்குப் போய்ச் சேர்வோம். அங்கே 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த கன்ட்ரி ஹவுஸ்கள், பார்ப்பதற்கு முன்னூறு வயதுக் கிழவர்கள். உள்ளே போனால் மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் அழைப்பு மணியும் வைத்த புத்தம் புது வீடுகள். அந்தப் பழைய தோற்றம் தெரிந்தே தேர்ந்தெடுத்தது. உடுப்பைப் பார்த்து வயதைச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் குழப்பம் தீரும். உடம்பு என்று நான் சொல்வது தரைத்திட்டம், கூரை, சுவர் ஆகிய மூன்றையும்.

கட்டடக் கலை படிக்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கலைச்சொல் வரும் இடத்தில் ஒரு தடவை விளக்கிவிடுகிறேன்.

முதலில், யார் வீடு இது?

கன்ட்ரி ஹவுஸ் என்றதும் டெர்பிஷரின் சாட்ஸ்வொர்த் போன்ற பிரபு மாளிகைகள்தான் நினைவுக்கு வரும். அந்த மாளிகைகளைத் தாங்கி நின்றது நிலம். சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கரில் குத்தகைக்காரர்கள் பயிர் செய்வார்கள், அந்தக் குத்தகைப் பணத்தில் மாளிகை நடக்கும். 1870-களுக்குப் பிறகு அமெரிக்கத் தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் இங்கிலாந்தில் தானிய விலை விழுந்தது. குத்தகையும் விழுந்தது. 1894-ல் இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்தின் மீது புதிய வரியும் வந்தது.

அதே காலத்தில் வேறொரு கூட்டத்திடம் பணம் சேர்ந்தது. பங்குத் தரகர், மதுபான ஆலை முதலாளி, வழக்கறிஞர், பத்திரிகை அதிபர், மளிகைக் கடைகளைத் தொடராகத் திறந்தவர். இவர்களுக்குக் கிராமத்தில் நிலம் வேண்டாம், கிராமம் மட்டும் போதும். சனிக்கிழமை ரயிலேறி வந்து, திங்கட்கிழமை லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ திரும்ப வேண்டும். லண்டனிலிருந்து ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய சரே மாவட்டத்தில் இத்தகைய வீடுகள் நெருக்கமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே 1900-களின் கன்ட்ரி ஹவுஸில் பெரும்பாலானவை, வேறெங்கோ சம்பாதித்த பணத்தில் கிராமத்தில் கட்டிய வசதியான குடும்ப வீடுகள். அரண்மனை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இவற்றின் அளவே ஏமாற்றம் தரும்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு வீடு

முகப்பைப் பார்ப்பதற்கு முன் தரைத்திட்டத்தைப் பாருங்கள். தரைத்திட்டம் என்பது கூரையைக் கழற்றி எடுத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் தெரியும் அறைகளின் அமைப்பு. இந்த வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு விரலால் நடந்து பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை. ஒரு வீட்டில் யார் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசல் ஒன்று, கொல்லைவாசல் ஒன்று. வேலைக்கு வருபவர்கள் கொல்லைப்பக்கம் வந்து கொல்லைப்பக்கமே போவார்கள். ஆங்கில வீட்டில் அந்தக் கொல்லைவாசலுக்குப் பின்னால் முழுதாக இன்னொரு வீடே இருக்கிறது. அதற்கு சர்வீஸ் விங் என்று பெயர்: சமையலறை, பாத்திரம் கழுவும் அறை, பால் அறை, துணி வெளுக்கும் அறை, பணியாளர்கள் உண்ணும் கூடம், அவர்களுக்கான தனி மாடிப்படி எல்லாம் சேர்ந்த பகுதி. 1911 மக்கள்தொகைக் கணக்கின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டுவேலையில் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல், சத்தம் கேட்காமல், சமையல் வாசனை வராமல், ஆனால் மணி அடித்ததும் வந்து நிற்கும்படி வீட்டை அமைப்பது கட்டடக் கலைஞரின் பெரிய தலைவலி.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. பல வீடுகளில் அந்தக் கதவின் மேல் பச்சை நிறக் கம்பளித் துணி இழுத்துக் கட்டி, பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்திருப்பார்கள். சத்தத்தை அந்தத் துணி உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கதவு, ஒரு துணி. அதற்கு இப்புறம் ஒரு வாழ்க்கை, அப்புறம் ஒரு வாழ்க்கை. இந்த வீடுகளின் அழகை நான் மனதார நேசிக்கிறேன். ஆனால் அந்தக் கதவை மறந்துவிட்டு இவற்றைப் பாராட்ட எனக்கு மனம் வராது.

இந்தப் பிரிவினையை வெளியில் நின்றே கண்டுபிடிக்கலாம். கூரை ஒரு பக்கம் திடீரென்று தாழும், ஜன்னல்கள் சிறியதாகும், ஒரு மதிலோ புதரோ குறுக்கே வரும். அங்கே சர்வீஸ் விங் தொடங்குகிறது. சமையலறை தூரத்தில் இருப்பதால் சாப்பாடு ஆறிப்போகும் என்பது அந்தக் காலத்துப் பெரிய குறை. அதற்காகவே சாப்பாட்டு அறைக்கு அடுத்தாற்போல், பரிமாறுவதற்கு முன் தட்டுகளை எடுத்து வைக்க ஒரு சிறிய இடைஅறை இருக்கும்.

குடும்பம் வாழும் பகுதியின் நடுநாயகம் ஹால். இன்று நாம் சொல்லும் ஹாலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் ஹால் என்பது பிரபுவும் பணியாளர்களும் ஒரே கூரைக்குக் கீழ் உண்டு, கூடி, உறங்கிய பெரிய கூடம். பின்னாளில் அது சுருங்கி வெறும் நுழைவாயிலாகப் போனது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதைப் பெரிதாக்கி மீண்டும் கொண்டுவந்தார்கள். இந்த முறை பணியாளர்கள் அங்கே இல்லை. வருபவர்களை வரவேற்கவும், தேநீர் குடிக்கவும், மழைநாளில் பில்லியர்ட்ஸ் ஆடவும், கணப்பின் அருகே புத்தகம் படிக்கவும் ஒரே இடம்.

வெயிலைத் துரத்திய வீடுகள்

அறைகளின் இடத்தை முடிவு செய்ததில் இன்னொரு பெரும் பங்கு சூரியனுக்கு. நமக்கு வீடு என்றால் வெயிலிலிருந்து ஒளிந்துகொள்ளும் இடம். அங்கே நேர்மாறு. டிசம்பர் 21 வாக்கில் நடுப்பகலில் சென்னை வானத்தில் சூரியன் தொடுவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே நாளில் லண்டனில் சுமார் 15 டிகிரிதான். உச்சிவெயில் என்ற சொல்லுக்கே அங்கே குளிர்காலத்தில் வேலையில்லை. தெற்கு வானில் தாழ்வாக வந்து, சில மணி நேரத்தில் போய்விடும் அந்த ஒளியைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

காலையில் உட்காரும் அறை கிழக்கில், வரவேற்பறை தெற்கில், இறைச்சியும் பாலும் கெடாமல் வைக்கும் அறை வெயிலே படாத வடக்கில் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. இதை இம்மியும் பிசகாமல் பின்பற்றிய வீடு ஒன்று விண்டர்மியர் ஏரிக்கு மேலே இருக்கிறது. பெயர் பிளாக்வெல். மான்செஸ்டர் மதுபான ஆலை முதலாளி எட்வர்ட் ஹோல்ட் தன் குடும்பத்தின் விடுமுறை வீடாகக் கட்டச் சொன்னார். வரைந்தவர் பெய்லி ஸ்காட், காலம் 1898 முதல் 1900 வரை.

பிளாக்வெல்லில் ஏரி இருப்பது மேற்கே. ஏரிக்காக இடம் வாங்கியவர் முக்கிய அறைகளை ஏரியைப் பார்த்துத்தானே வைப்பார்? பெய்லி ஸ்காட் அப்படிச் செய்யவில்லை. அறைகளைத் தெற்கு பார்த்து வரிசையாக வைத்து, நடைவழியை வடக்கே தள்ளிவிட்டார். காட்சியைவிட வெயில் முக்கியம். மேற்குக் கோடியில் உள்ள வெள்ளை வரவேற்பறையில் மட்டும் வெளியே பிதுங்கிய ஜன்னல் ஒன்றும் அதன் உள்ளே உட்காரும் திண்டும் அமைத்து ஏரியைக் காட்டுகிறார். இருண்ட மரப்பலகை போர்த்திய ஹாலிலிருந்து நடைவழியாக நடந்து வந்து அந்த வெள்ளை அறைக்குள் நுழையும்போது வெளிச்சம் மேலே வந்து விழும். அதற்காகவேதான் ஹாலை அவ்வளவு இருட்டாக வைத்தாரோ என்று தோன்றும்.

சிலர் வெயிலுக்காக வீட்டையே மடக்கினார்கள். நடுவில் ஓர் உடலும், சாய்வாக விரிந்த சிறகுகளுமாக, மேலிருந்து பார்த்தால் வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும் தரைத்திட்டம் இந்தக் காலத்தில்தான் பிடித்துப்போனது. எக்ஸ்மவுத்தில் எட்வர்ட் பிரையர் 1896-97-ல் கட்டிய 'தி பார்ன்' அதன் தொடக்க உதாரணங்களில் ஒன்று.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: யார் கண்ணில் யார் படக்கூடாது என்பதும், எந்த நேரத்தில் எந்த அறைக்கு வெயில் வேண்டும் என்பதும்தான் அறைகளை இடம் பிரித்தன. வெளித்தோற்றம் அதன் பின்னால் வந்தது. உடம்பை அளந்து தைத்த சட்டை போல. அதனால்தான் இந்த வீடுகளின் முகப்பில் இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை. மாடிப்படி ஏறும் இடத்தில் ஜன்னலும் படிப்படியாக ஏறும். குளியலறைக்குச் சின்ன ஜன்னல், ஹாலுக்குப் பெரிய ஜன்னல்.

கூரையில் இருக்கிறது சூட்சுமம்

இந்த வீடுகளை எங்கிருந்து பார்த்தாலும் முதலில் தெரிவது கூரை. பாதி வீடு கூரைதான் என்று சொல்லும்படி இருக்கும். இது வெறும் அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். கூரை ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் வழக்கமான ஓடு, களிமண்ணைச் சுட்டுச் செய்த தட்டை ஓடு. நீளம் ஏறத்தாழ 10½ அங்குலம், அகலம் 6½ அங்குலம். நம் மங்களூர் ஓடு போல ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளாது. ஒன்றின் மேல் ஒன்றாக மீன் செதில் போல அடுக்குவார்கள். கூரையின் எந்த இடத்தில் ஆணி இறக்கினாலும் குறைந்தது இரண்டு ஓடுகளைத் துளைத்தாக வேண்டும். சில இடங்களில் மூன்றை. பூட்டு இல்லாததால் இரண்டு ஓடுகள் பக்கவாட்டில் சேரும் சந்து வழியே மழைநீர் கீழே இறங்கும். இறங்கிய நீர் அடியில் உள்ள ஓட்டின் முதுகில் விழும். சரிவு குறைவாக இருந்தால் அது அங்கேயே அகலமாகப் பரவி, அடுத்த சந்துக்குள் புகுந்து வீட்டுக்குள் சொட்டும். சரிவு அதிகமாக இருந்தால் பரவ நேரமில்லாமல் கீழே ஓடிவிடும். செங்குத்தான கூரைக்குக் காரணம் இதுதான்: ஓட்டுக்குத் தேவைப்பட்ட சரிவு.

கையால் செய்த ஓட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. அது முழுத் தட்டையாக இராது, மெல்ல வளைந்திருக்கும். அடுக்கும்போது ஓடுகளுக்கு இடையில் நூலளவு இடைவெளி விழும். இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்து நீரில் தொட்டால் நீர் தானாக மேலேறுமே, அது போல ஓடுகளுக்கு நடுவே நீர் ஏறிவிடாமல் அந்த இடைவெளி தடுக்கும். காற்றும் புகுந்து உலர்த்தும். மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வோர் ஓடும் அடுத்ததன் மேல் தனித்தனியாக மெல்லிய நிழலைப் போடும். இயந்திர ஓடு போட்ட கூரையில் இந்த உயிர் இருக்காது. 1900-ல் இயந்திர ஓடு தாராளமாகக் கிடைத்தது. எட்வின் லுட்யன்ஸ் போன்ற கட்டடக் கலைஞர்கள் கையால் செய்ததைத் தேடிப் போய் வாங்கியதில் அழகும் காரியமும் சேர்ந்தே இருந்தன.

கூரையின் இரண்டு சரிவும் சேரும் இடம் முகடு. முகட்டின் இரு முனைகளில் சுவர் முக்கோணமாக மேலேறிக் கூரையைத் தொடும். அந்த முக்கோணச் சுவருக்குத்தான் கேபிள் என்று பெயர். மாடி அறைகளைக் கூரைக்குள்ளேயே அமைத்ததால், அவற்றுக்கு ஜன்னல் வைக்க நேர்ச்சுவர் வேண்டும். அதைத் தந்தது கேபிள். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீளும் பகுதியை நாம் இறவாரம் என்போம். மழை சுவரில் வழியாமல் அது எட்ட விழச் செய்யும்.

அடுத்து புகைபோக்கி. ஒரு வீட்டில் பத்து கணப்பு அடுப்பு இருந்தால் பத்து புகைக்குழாய் வேண்டும். இரண்டு கணப்புக்கு ஒரே குழாய் என்று சிக்கனம் பிடித்தால், எரியும் கணப்பின் புகை எரியாத கணப்பின் வழியாக இன்னொரு அறைக்குள் இறங்கிவிடும். ஆகவே குழாய்கள் தனித்தனி. அவற்றை நான்கைந்தாகச் சேர்த்து ஒரே தூணாகக் கட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோவார்கள். முகட்டைவிடத் தாழ்வாக நிறுத்தினால், கூரையில் மோதிச் சுழலும் காற்று புகையைக் கீழே தள்ளும். அதனால் உயரம். கோபுரம் போல நிற்கும் அந்தச் செங்கல் தூண்கள், கட்டாயத்தைக் கலையாக்கிய இடம். வெளியில் நின்று புகைபோக்கிகளை எண்ணினாலே உள்ளே கணப்புகள் எங்கெங்கே என்று ஏறத்தாழ சொல்லிவிடலாம்.

கணப்பைச் சுற்றி ஒரு சிறு அறை போல உள்வாங்கிய இடம் இருக்கும். அதற்குள் நெருப்புக்கு இருபுறமும் பெஞ்சு. இதற்கு இங்கிள்நூக் என்று பெயர். உயர்ந்த கூரையுள்ள ஹாலைச் சூடாக்குவது நடக்காத காரியம். ஹாலுக்குள் சூடான ஒரு பொந்து செய்துகொண்டு அதில் உட்கார்ந்தார்கள்.

சுவர்: எது மெய், எது வேடம்?

'டியூடர்' என்ற குழப்பத்துக்கு இப்போது வருவோம். டியூடர் வம்சம் ஆண்டது 1485 முதல் 1603 வரை. அந்தக் காலத்து மரச்சட்ட வீட்டுக்குக் கயிற்றுக் கட்டிலைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் பாரத்தைத் தாங்குவது காலும் சட்டமும். நடுவில் பின்னிய கயிறு இடத்தை நிரப்புகிறது. அது போல ஓக் மரத் தூண்களும் உத்திரங்களும் வீட்டின் பாரம் முழுவதையும் சுமந்தன. நடுவில் உள்ள கட்டங்களில் குச்சி பின்னி மண் பூசினார்கள். அந்தக் கறுப்புச் சட்டங்களைப் பிடுங்கினால் வீடு விழுந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கட்டிய பல 'டியூடர்' வீடுகளில் பாரம் தாங்குவது செங்கல் சுவர். மேலே பலகையைக் கறுப்படித்து ஆணியடித்திருப்பார்கள். பிடுங்கினால் சுவரில் ஆணி ஓட்டை மட்டும் இருக்கும். இரண்டுக்கும் வேற்றுமை காண எளிய வழி: மெய்யான சட்டத்தில் மூலைகளில் முட்டுக்கொடுத்த சாய்வுக் கட்டை இருக்கும், இணைப்பில் மர ஆப்பு தெரியும், மரம் பருமனாகவும் கோணலாகவும் இருக்கும்.

இந்த வேடத்தை அந்தக் காலத்திலேயே சிலர் தீவிரமாக எதிர்த்தார்கள். கல் கல்லாகவே தெரிய வேண்டும், மரம் சுமந்தால்தான் மரம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எழுத்தாளரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸின் எழுத்தும் உழைப்பும் தூண்டிவிட்ட இந்த இயக்கத்தை ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்பார்கள்: கைவினைஞரின் உழைப்புக்கும் பொருளின் இயல்புக்கும் மதிப்புக் கொடுத்து, இயந்திரத்தின் மலிவான போலி அலங்காரத்தை மறுத்த இயக்கம். குளோஸ்டர்ஷரில் ராட்மார்டன் மேனர் என்ற வீட்டை எர்னஸ்ட் பார்ன்ஸ்லி 1909-ல் தொடங்கினார். உள்ளூர்க் கல், அந்தப் பண்ணையிலேயே வெட்டிய மரம், உள்ளூர்க் கைவினைஞர்கள். முடிய 1929 ஆயிற்று. இவ்வளவு நாள் கூலி கொடுக்க யாரால் முடியும்? உழைப்பாளிக்காகப் பிறந்த கொள்கை பணக்காரர் வீட்டில்தான் குடியேற முடிந்தது. மாரிஸை அவர் வாழ்நாளிலேயே வருத்திய முரண் இது.

கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் வாய்ஸி இந்தச் செலவுச் சிக்கலுக்கு வேறு விடை கண்டார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மேல், சிமெண்டில் சிறு கற்களைக் கலந்து வீசி அடிக்கும் ரஃப்காஸ்ட் பூச்சைப் பூசினால், அதிகச் செலவில் கட்டும் கனத்த சுவருக்கு இணையாகக் குளிரையும் மழையையும் தடுக்கும் என்று வாதிட்டார். மெல்லிய சுவருக்குப் பலம் சேர்க்க, அடியில் பருத்து மேலே மெலியும் முட்டுச்சுவர்களை வைத்தார். வாய்ஸி வீடுகளின் அடையாளமாகிப்போன அந்தச் சாய்ந்த முட்டுச்சுவர் சிக்கனத்தில் பிறந்தது. விண்டர்மியரில் அவர் 1898-ல் வரைந்த பிராட்லீஸில் மூன்று வளைந்த ஜன்னல்கள் ஏரியைப் பார்த்து நிற்கின்றன. மேலே தாழ்ந்த கூரை, வெள்ளைச் சுவர், வேறு அலங்காரம் இல்லை.

சுவரின் பொருளை எங்கிருந்து எடுப்பது? எனக்கு மிகப் பிடித்த விடை நார்ஃபோக் கடற்கரையோரம் இருக்கிறது. வோவுட் என்ற வீட்டை அதே எட்வர்ட் பிரையர் 1903 முதல் 1905 வரை கட்டினார். தோட்டத்துக்கான இடத்தையே தோண்டி, வந்த சரளையைக் காங்கிரீட்டில் கலந்து சுவர் எழுப்பினார். அதே மண்ணில் கிடைத்த கருநிற ஃபிளின்ட் கற்களை வெளியே பதித்தார். தோண்டிய பள்ளம் வீட்டின் முன்னே தாழ்ந்த மலர்த்தோட்டமாயிற்று. தோட்டத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், நிற்கும் பள்ளத்திலிருந்து எழுந்துதான் அந்த வீடு நிற்கிறது. பார்க்கப் பழங்காலத்துக் கல்வீடு, உள்ளே காங்கிரீட்.

கண்ணுக்குத் தெரியாத புதுமை இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் மழைக்காலத்தில் சுவரின் அடியில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிரும். செங்கல் பஞ்சு போலத் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுவதால் வருவது அது. தரைக்குச் சற்று மேலே, சுவரின் குறுக்கே ஈரம் புகாத பலகைக்கல்லோ தாரோ ஓர் அடுக்கு வைத்தால் ஓதம் அங்கேயே நின்றுவிடும். கொத்தனார்கள் டி.பி.சி. என்று சொல்வது இதைத்தான். உண்மையான டியூடர் வீட்டில் இது கிடையாது. 1900-ன் 'பழைய' வீட்டில் உண்டு. சஸெக்ஸில் ஸ்டாண்டன் என்ற வீட்டைப் பிலிப் வெப் 1894-ல் முடித்தபோது, பண்ணைவீடு போன்ற அந்தக் கூரைகளுக்கு அடியில் முதல் நாளிலிருந்தே மின்விளக்கு எரிந்தது.

சுருக்கமாக: கூரைச் சரிவும் புகைபோக்கி உயரமும் காரணத்தோடு வந்தவை. கறுப்பு மரச் சட்டம் சில வீடுகளில் மெய், பல வீடுகளில் வேடம். எதுவானாலும் அடித்தளத்திலும் சுவருக்குள்ளும் 20-ஆம் நூற்றாண்டு ஒளிந்திருக்கிறது.

ஒரு வீட்டுக்குள் நடந்து பார்ப்போம்

பெர்க்‌ஷரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் சனிங் என்று ஒரு கிராமம். அங்கே பழைய செங்கல் மதில் சூழ்ந்த ஓர் ஆப்பிள் தோப்பை எட்வர்ட் ஹட்ஸன் வாங்கினார். 1897-ல் 'கன்ட்ரி லைஃப்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். நாட்டுப்புற வீடுகளைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டியது அந்தப் பத்திரிகைதான். வீட்டை வரைய லுட்யன்ஸை அழைத்தார். செடிகொடிக்கு கெர்ட்ரூட் ஜீகில். 1899-ல் தொடங்கி 1901-ல் முடிந்த வீட்டின் பெயர் டீனரி கார்டன். பெயரிலேயே தோட்டம்தான் இருக்கிறது.

தோப்பின் நடுவில் வீட்டைக் கட்டி நான்கு பக்கமும் காட்டியிருக்கலாம். லுட்யன்ஸ் தெருமதிலை ஒட்டி வீட்டை ஓரமாகத் தள்ளினார். தெருவில் நின்றால் தெரிவது மதிலும் அதில் ஒரு வளைவுக் கதவும்தான். உள்ளே இவ்வளவு பெரிய வீடு இருப்பது தெரியாது.

கதவைத் திறந்தால் வளைந்த கூரை போட்ட, நிழலான நடைவழி. பக்கத்தில் ஒரு சிறிய முற்றம். அங்கே வானம் கொஞ்சம் தெரிகிறது. நடைவழி அப்படியே நேராக வீட்டை ஊடுருவிப் போய் மறுபுறம் தோட்டத்தில் முடிகிறது. முடிகிறது என்பதும் சரியில்லை. அதே நேர்கோடு தோட்டப் பாதையாக நீள்கிறது. இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு, பிறகு முழு வெளிச்சம். இந்த நடையின் ஓரத்தில்தான் வீட்டுக்குள் போகும் வழி. இரண்டு மாடி உயர ஹாலில் ஓக் மரத்தாலான பிரம்மாண்டமான ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து வெளியே பிதுங்கி நிற்கிறது. அதன் செங்குத்துக் கட்டைகளுக்கு மல்லியன் என்று பெயர். ஜன்னலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மேலே உள்ள பாரத்தில் பங்கெடுத்துக்கொள்பவை. பெரிய கண்ணாடி கிடைத்த காலத்தில் சிறு சிறு கண்ணாடிகளை ஈயப் பட்டையில் கோத்தது வசதிக்காக இல்லை; ஒளி சிதறி விழும் அழகுக்காக.

வெளியே படிகள் அரைவட்டமாக இறங்குகின்றன. குறுகிய நீரோடை ஒன்று நேர்கோடாகப் போகிறது. அதற்கப்பால் பழைய தோப்பின் ஆப்பிள் மரங்கள் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. வீடு முடிந்து தோட்டம் தொடங்கும் இடம் எது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. கட்டடமும் தோட்டமும் ஒரே வரைபடம் என்ற எண்ணம் இந்தக் காலத்து வீடுகளின் பெரிய சாதனை. சரேயில் ஜீகிலின் சொந்த வீடான மன்ஸ்டட் வுட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது: அங்கே 1880-களிலேயே தோட்டம் போட்டாகிவிட்டது, வீடு 1896-97-ல்தான் வந்து சேர்ந்தது.

இதே லுட்யன்ஸ் சில ஆண்டுகளில் மாறினார். யார்க்‌ஷரின் இல்க்லியில் கம்பளி வியாபாரி ஒருவருக்கு 1906-ல் தொடங்கிய ஹீத்கோட் வீட்டில் இடமும் வலமும் அச்சாக ஒத்துப்போகும் கிரேக்க-ரோம வடிவங்கள் வந்துவிட்டன. 1912-ல் டெல்லிக்கு வந்தார். இன்று ராஷ்டிரபதி பவன் என்று நாம் அழைக்கும் மாளிகையை வரைந்த கைதான் அந்த ஆப்பிள் தோப்பு வீட்டையும் வரைந்தது.

கூரையை மறந்த கோட்டை

டெல்லி வேலை நடந்துகொண்டிருந்தபோதே லுட்யன்ஸின் மேசையில் இன்னொரு வரைபடமும் கிடந்தது. ஜூலியஸ் ட்ரூ என்பவர் 'ஹோம் அண்ட் கலோனியல்' மளிகைக் கடைகளால் பெரும் பணக்காரரானவர். தன் முன்னோர் ட்ரோகோ என்ற நார்மன் பிரபு என்று நம்பினார். டெவனில், டீன் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே, பாறை முனையில் ஒரு கோட்டை வேண்டும் என்றார். 1911-ல் அடிக்கல் நட்டார்கள். முதல் உலகப் போரும் செலவும் குறுக்கிட, முதலில் வரைந்ததைவிட மிகச் சிறியதாகச் சுருங்கி, 1930-ல் முடிந்தது. அடுத்த ஆண்டே ட்ரூ இறந்தார். இதுதான் காசில் ட்ரோகோ. இங்கிலாந்தில் கட்டிய கடைசிக் கோட்டை என்று இதைச் சொல்வது வழக்கம்.

கோட்டைக்கு ஓட்டுக்கூரை பொருந்தாது. எனவே கருங்கல் சுவர், மேலே தட்டைக்கூரை, அதன் மேல் தார் போன்ற ஆஸ்ஃபால்ட் பூச்சு. மொட்டை மாடி ஒழுகுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெயிலில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் கல்லுக்கு ஓர் அளவு, காங்கிரீட்டுக்கு ஓர் அளவு, ஆஸ்ஃபால்ட்டுக்கு ஓர் அளவு. மூன்றும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது ஒன்றையொன்று இழுக்கும். ஆஸ்ஃபால்ட் வெடிக்கும். டெவனின் டார்ட்மூர் மேட்டுநிலத்து மழை அந்த வெடிப்பில் இறங்கும். சரிந்த கூரையில் ஓர் ஓடு உடைந்தால் ஒரு சொட்டு. தட்டைக்கூரையில் ஒரு வெடிப்பு விழுந்தால் குளமே உள்ளே இறங்கும். வீடு கட்டி முடிந்த காலத்திலிருந்தே ஒழுகல் தொடங்கிவிட்டது.

1974-ல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் இதை ஏற்றுக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று அவர்கள் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. 2010-களில் கூரையின் கற்களைப் பெயர்த்தெடுத்து, நீர் புகாத புதிய அடுக்கு போட்டு, கற்களைத் திரும்ப வைக்கும் பெரும்பணி தொடங்கியது. பல ஆண்டுகள் நீண்ட அந்த வேலைக்கு ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் செலவு.

அந்தக் கோட்டையின் சமையலறைக்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, அதன் மேல் கண்ணாடி. சரியாக அதற்குக் கீழே, அதே வட்ட வடிவில், லுட்யன்ஸ் வரைந்த பீச் மர மேசை. வெளிச்சம் வேறெங்கும் போகாமல், காய்கறி நறுக்குபவரின் கைமேல் நேராக வந்து விழும்.